நிலைவாசலோடு நின்றுவிட்ட மரம்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இன்றும் நல்ல நாள் பார்த்துத்தான் நிலை வைக்கிறார்கள். சட்டத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானிய முடிச்சும் காசும் போட்டு, ஆசாரிக்கு வேட்டி துண்டும் தட்சிணையும் கொடுத்த பிறகுதான் கொத்தனார் அடுத்த வரிசைச் செங்கல்லை எடுப்பார். சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்கும். ஒரு மரச்சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை நடக்கும் ஊர் வேறெங்கும் இருக்குமா என்று சின்ன வயதில் வியந்திருக்கிறேன்.

ஆனால் இன்றைய வீட்டில் அந்த ஒரு நிலைதான் மரம். ஜன்னல்கள் அலுமினியம் அல்லது யு.பி.வி.சி. உள்ளறைக் கதவுகள் அச்சில் வார்த்தவை. மாடிப்படிக் கைப்பிடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கூரை கான்கிரீட். எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் பனங்கைகளும் பூவரசுச் சட்டங்களும் வேங்கை உத்தரமும் பலாமரத் தூண்களும் இருந்தன. தூணுக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்கக் கல். இரண்டே தலைமுறையில் மரம் கூரையிலிருந்து இறங்கி, ஜன்னலை விட்டு நீங்கி, வாசலோடு நின்றுவிட்டது.

போன ஆண்டு மாடியில் ஓர் அறை எடுக்க நினைத்தபோது, கூரையை மரத்தில் போடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மரத்தை வெட்டி வீடு கட்டுவது பாவம், காடு அழிந்துகொண்டிருக்கிற காலத்தில் இது தேவையா? அக்கறையோடு சொன்னதுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மரத்தைத் தொடாமல் விட்டால் காடு பிழைக்கும், கான்கிரீட் போட்டால் மரம் தப்பும் என்ற இந்த நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. இதில் பாதிதான் சரி. தவறான மீதிப் பாதிக்குத்தான் காற்றும் மண்ணும் ஆறும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

கூரைக்குள் இருக்கும் கடல்

தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடம் தாண்டி அரியலூர் போகிற வழியில் சிமெண்டு ஆலைகளின் உயர்ந்த கோபுரங்கள் தூரத்திலேயே தெரியும். சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும். அந்தக் கல் சாதாரணக் கல் அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் நத்தைகளும் கடல்நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவைத் தங்கள் ஓடுகளாக மாற்றிக்கொண்டன. அவை செத்து, அடியில் படிந்து, இறுகிக் கல்லாயின. இன்றும் அரியலூர் சுரங்கங்களில் அந்த ஓடுகள் அச்சுப் பிசகாமல் கிடைக்கின்றன. பூமி தன் காற்றில் மிகுந்திருந்த கரியைப் பூட்டிவைத்த பெட்டகம் அது.

சிமெண்டு செய்ய அந்தப் பூட்டைத்தான் உடைக்கிறோம். கல்லைப் பொடித்து 1,450 டிகிரி சூட்டில் சூளையில் சுடும்போது அதிலிருக்கும் கரியமில வாயு பிரிந்து புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயு. இது வேதியியல் விதி, எந்த ஆலை எவ்வளவு திறமையாக நடந்தாலும் குறைக்க முடியாத கணக்கு. சூளை எரிய வேண்டிய நிலக்கரியின் புகை இதற்கு மேலே. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து மட்டும் வருகிறது. சிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது நம் நாடு. எஃகும் ஏறத்தாழ அதே அளவு வாயுவை வெளியிடுகிறது.

ஊர்க் கணக்காகவே பார்த்துவிடலாம். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் தளம் போட்டால் சுமார் 400 கன அடி கான்கிரீட். எடை 27, 28 டன். சிமெண்டு ஏறத்தாழ 90 மூட்டை, கம்பி ஒரு டன் அளவுக்கு. ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 30 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், சிமெண்டு மட்டும் 2.7 டன். கம்பியையும் சேர்த்தால் 5 டன்னை ஒட்டி வரும். வீட்டின் அஸ்திவாரமும் தூணும் சுவரும் பூச்சும் இந்தக் கணக்கில் இல்லை. கூரை ஒன்றுக்கு மட்டும் இவ்வளவு.

ஆற்று மணலைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காவிரியிலும் பாலாற்றிலும் தென்பெண்ணையிலும் படுகை தாழ்ந்து, பக்கத்துக் கிணறுகள் வற்றியதை நாமே பார்த்தோம். இப்போது எம்-சாண்டுக்காக மலைகளை உடைக்கிறோம். மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் ஆறுதல் அடைந்த ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு குழியோ குவாரியோ இருக்கிறது. அது நம் வாசலிலிருந்து தெரிவதில்லை, அவ்வளவுதான்.

காற்றிலிருந்து வந்த கட்டை

மரம் எதனால் ஆனது என்று கேட்டால் பெரும்பாலோர் மண்ணைத்தான் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹெல்மாண்ட் என்ற பெல்ஜியப் பகுதி அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். எடை போட்ட மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் பெருத்தது. மண்ணில் குறைந்தது சில பத்து கிராம்கள் மட்டுமே. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். கட்டையின் பெரும்பங்கு காற்றிலிருந்து வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. ஒரு கிலோ உலர்ந்த கட்டை உருவாக மரம் 1.8 கிலோ கரியமில வாயுவை உறிஞ்சியிருக்க வேண்டும்.

சிமெண்டுக் கணக்கு வானத்துக்குச் செலுத்துகிற கணக்கு. இது வானத்திலிருந்து எடுத்துவைக்கிற கணக்கு. வெட்டிய மரத்தை எரித்தாலோ மக்கவிட்டாலோ அந்தக் கரி திரும்பக் காற்றுக்கே போய்விடும். உத்தரமாக, சட்டமாக, கதவாக வீட்டுக்குள் வைத்தால் அந்த வீடு நிற்கும்வரை கரியும் அங்கேயே நிற்கும். வெட்டிய இடத்தில் இன்னொரு கன்று வளர்ந்து, காற்றிலிருந்து மறுபடியும் எடுக்கத் தொடங்கும். மரம் பசுமையான கட்டடப் பொருள் என்று சொல்வதன் உயிர்நாடி இதுதான். இரண்டாவது கன்று இல்லையென்றால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

நம் வாசல் நிலையையே எடுத்துக்கொள்வோம். ஏழடிக்கு மூன்றரையடி, ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம். கீழ்ப்படியும் சேர்த்தால் இரண்டு கன அடிக்குச் சற்று மேல். தேக்காக இருந்தால் அதில் ஏறத்தாழ 65 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கரி அடங்கியிருக்கும். இரண்டு மூட்டை சிமெண்டு வெளியிட்டதற்குச் சமம். தொண்ணூறு மூட்டைக் கூரைக்கு எதிரே இரண்டு மூட்டை நிலை. மரத்தை வாசலோடு நிறுத்திவிட்டால் அது மங்கலப் பொருள் மட்டுமே. கூரைக்கு ஏற்றினால்தான் கணக்கு மாறும்.

ஆயிரம் சதுர அடிக்குச் சட்டமும் கைமரமும் ரீப்பருமாக நூறு கன அடி மரம் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூரைக்குள் 3 டன் கரியமில வாயு அடங்கியிருக்கும். அதன் மேல் வேயும் ஓடு சூளையில் சுட்ட பொருள், மரத்தை அறுக்கவும் ஏற்றிவரவும் டீசல் வேண்டும். இதையெல்லாம் கழிக்கத்தான் வேண்டும். கழித்த பிறகும் ஒரு பக்கம் 5 டன் செலவு, மறுபக்கம் வரவு என்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவில் நிற்கிறது. மரக்கூரை கான்கிரீட்டைப் போலப் பல டன் கனக்காது. அதைத் தாங்கும் சுவரும் அஸ்திவாரமும் அவ்வளவு பருமனாக வேண்டியதில்லை. அந்த மிச்சம் தனி.

சட்டமாக்க முடியாமல் கழித்த துண்டும் இழைப்புச் சுருளும்கூட வீணாவதில்லை. மரம் அறுக்கிற வாடியில் தூள் மூட்டையாக விற்கிறது, செங்கல் சூளைக்குப் போகிறது. உடைத்த கான்கிரீட்டை எங்கே கொட்டுகிறோம் என்று ஊர் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தெரியும்.

பத்மநாபபுரத்து நிழல்

கூரை என்றால் கரிக்கணக்கு மட்டுமா? நிழலும்தான். சித்திரை வெயிலில் ஒருநாள் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தேன். இடம் கன்னியாகுமரி மாவட்டம், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. 1601 வாக்கில் வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்து, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா காலத்தில் இப்போதைய உருவம் பெற்றது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். வெளியே தரை சுட்டது. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்துக்குள் கால் வைத்ததும் சூடு விட்டது.

மேலே பார்த்தால் விதானம் முழுக்க மரத்தில் செதுக்கிய பூக்கள். பக்கவாட்டில் சுவருக்குப் பதில் சாய்வான மரச்சட்டங்கள், காற்று நுழையும், வெயில் நுழையாது, உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது. அரண்மனையின் தாய்க்கொட்டாரப் பகுதியில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூணைத் தொட்டுப் பார்த்தேன். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் அடிக்கிற மண்ணில், நாலு நூற்றாண்டாக அந்த மரம் நிற்கிறது. மழைக்காலத்தில் கரையானும் பூஞ்சையும் இல்லாத ஊர் அல்ல அது. ஓட்டுக்கூரை தாழ இறங்கி மரத்தில் சாரல் படாமல் காக்கிறது, கல் பீடம் ஈரத்தைத் தடுக்கிறது, காற்று எந்நேரமும் ஓடி மரத்தை உலர்த்துகிறது. மரம் கெடும் என்று சொல்லும் நாம், எந்த வீட்டில் கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கான்கிரீட் மரத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு சூட்டைக் கடத்தும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவில் கட்டிலுக்கு மேலே நின்று கக்கும். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழே படுத்துத் தூங்கியவர்களுக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டைத் தணிக்க ஏ.சி. போடுகிறோம். அதற்கு மின்சாரம், மின்சாரத்துக்கு நிலக்கரி. கட்டும்போது ஒருமுறை, குடியிருக்கும்போது ஒவ்வோர் இரவும்.

மரம் திரும்பவும் பயன்படும் என்பதற்குக் காரைக்குடிதான் சாட்சி. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து செட்டிநாட்டு வீடுகளில் நிறுத்தினார்கள். பங்காளிகள் பிரிந்து, பராமரிக்க முடியாமல் அந்த வீடுகள் இடிபடும்போது தூணும் நிலையும் உத்தரமும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. ஒரு வீடு போகிறதே என்ற துக்கம் அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு வரும். ஆனாலும் அந்தத் தூண்கள் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போய் வேறு வீட்டில் நிமிர்ந்து நிற்கின்றன. இடித்த கான்கிரீட் தூணை யாரும் விலை பேசி வாங்கிப் போவதில்லை.

வெட்டியவர்களும் நட்டவர்களும்

காடு அழியும் என்ற பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்று ஓர் இடம். மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் வழுக்கி விட்டதால் வந்த பெயர். வெள்ளைக்காரர்கள் கப்பலுக்கும், பிறகு ரயில் தண்டவாளக் கட்டைக்கும் வெட்டி வெட்டி அந்த மலையை மொட்டையாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த வன அதிகாரி ஹியூகோ வுட். அவர் இரண்டு காரியம் செய்தார். மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்து, அதிலிருந்து துளிர் வரவைத்தார். இன்னொன்று, ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிற கதை. சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு தினமும் காட்டுக்குள் நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் குத்துவார், ஒரு விதை போடுவார், அடுத்த அடி வைப்பார். 1933இல் இறந்தபோது அவர் விருப்பப்படி அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். என் நினைவிடம் வேண்டுமென்றால் சுற்றிப் பார் என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம் கல்லறையில் இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் நெடுமரங்கள்.

அவருக்கும் முன்பே, 1840களில், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் கலெக்டர் கானலியும் அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். உலகிலேயே திட்டமிட்டு வளர்த்த முதல் தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். தேக்குத் தோப்பு காடாகிவிடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே இனம், ஒரே வயது, யானைக்கும் இருவாச்சிக்கும் அதில் தீனி குறைவு. சோலைக்காட்டை அழித்துத் தேக்கு வைத்தால் அது இழப்புதான். தோட்டம் வேறு, காடு வேறு. தோட்டத்தின் வேலை வீட்டுக்கு மரம் தந்து காட்டுப் பக்கம் கோடாரி போகாமல் தடுப்பது.

நாட்டின் காட்டைக் காத்த வழக்கும் நம் மண்ணிலிருந்தே போனது. நீலகிரி கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த தீர்ப்பு, அங்கீகரித்த செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டுவதை நாடு முழுக்க நிறுத்தியது. பல காடுகள் இன்று இருப்பதற்கு அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதற்குச் சற்று முன், 1993இல், மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. நோக்கம் நல்லது. ஆனால் அரசு தொடாததை யாரும் தொடக் கூடாது என்ற எண்ணம் பொறியாளர்களிடம் பதிந்துபோனது. மரத்தில் கூரை வடிவமைக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். தச்சு வேலை நிலைக்கும் கட்டிலுக்கும் சுருங்கியது. மரம் போன இடத்தில் இரும்பும் அலுமினியமும் வந்தன. ஒரு கிலோ புது அலுமினியம் எடுக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதை அப்போது யாரும் காட்டோடு சேர்த்து யோசிக்கவில்லை. 27 ஆண்டு கழித்து, 2020 ஜூலையில் அந்தத் தடையை நீக்கினார்கள். நீக்கிய செய்தி நம் ஊர்ப் பொறியாளர்கள் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எந்த மரம்?

மரவாடிக்குப் போனால் இன்று கேட்கிற பெயர்கள்: காஸ்டாரிகா தேக்கு, கானா தேக்கு, நைஜீரியா தேக்கு, மலேசியன் சால். கடல் கடந்து தூத்துக்குடியில் இறங்கி, செங்கோட்டை ஆலைகளில் அறுபட்டு வருகின்றன. பர்மா தேக்கு என்று இன்னும் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. 2014 ஏப்ரலில் மியான்மர் முழுமரங்களை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அங்கே இயற்கைக் காட்டில் நூறாண்டு நின்ற மரத்தை நம் பூஜை அறைக் கதவுக்காக வெட்டியிருந்தால், எந்தக் கரிக்கணக்கும் அதை நியாயப்படுத்தாது.

மரத்தை ஆதரித்து எழுதுகிற நான் வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இது. வாடிக்காரரிடம் விலை கேட்கும் முன் ஊரைக் கேளுங்கள். தோட்ட மரமா, காட்டு மரமா? ரசீது இருக்கிறதா? முறையாக வளர்த்து வெட்டிய மரம் என்பதற்கு எஃப்.எஸ்.சி. போன்ற சான்று உண்டா? 2023 டிசம்பரில் மத்திய அரசே இந்திய வனம் மற்றும் மரச் சான்றிதழ் திட்டத்தை அறிவித்திருக்கிறது. நாம் கேட்கத் தொடங்கினால்தான் அது தாளை விட்டு வாடிக்கு வரும். பதில் சொல்லத் தயங்கும் மரத்தை வாங்க வேண்டாம். அதைவிடக் கான்கிரீட்டே மேல்.

பதினெட்டு மாடியும் ஒரு பூஞ்சையும்

உலகின் மற்ற இடங்களில் மரம் வாசலைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை போட்டு அழுத்தி, சுவரளவுக்கு ஒரே பலகையாக்கும் முறை 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவானது. கிராஸ் லேமினேட்டட் டிம்பர், சுருக்கமாக சி.எல்.டி. பெருமரம் வேண்டியதில்லை, தோட்டத்தில் வளர்ந்த நடுத்தர மரமே போதும் என்பதுதான் இதன் அருமை. கனடாவின் வான்கூவரில் ஒரு பல்கலைக்கழக மாணவர் விடுதி 2017இல் 18 மாடி எழுந்தது. அதன் மரக்கட்டுமானம் எழுபது நாளுக்குள் முடிந்தது. நார்வேயின் மியோஸ்டார்னெட் 2019இல் 85.4 மீட்டர் உயர்ந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் 25 மாடி. இவற்றில் அடித்தளமும் சில பாகங்களும் கான்கிரீட்தான். அதை அவர்களும் மறைப்பதில்லை. தேவைப்படும் இடத்தில் அது, மற்ற இடத்தில் இது.

தீப்பிடிக்காதா? எல்லோரும் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பருத்த உத்தரம் எரியும்போது வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கரி உள்ளே போகும். ஒரு மணி நேரத்தில் நான்கு சென்டிமீட்டர். அதைக் கணக்கிட்டுப் பருமன் கூட்டி வடிவமைக்கிறார்கள். காப்பு இல்லாத எஃகு 550, 600 டிகிரியில் தன் பலத்தில் பாதியை இழந்து திடீரென்று வளைந்துவிடும். விறகு எரிகிற விதத்தை வைத்து உத்தரத்தை எடைபோடக் கூடாது.

இதற்காக மேல்நாட்டு முறையை அப்படியே கொண்டுவந்து இறக்கச் சொல்லவில்லை. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் 2023இல் திறந்த கையா கட்டடம், 43,500 சதுர மீட்டரில் ஆசியாவின் மிகப் பெரிய மரக்கட்டடங்களில் ஒன்று. மரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இரண்டே ஆண்டில் அதன் மரப்பரப்புகளில் பூஞ்சை படிந்த செய்தி வெளியானது. நம்மைப் போலவே வெக்கையும் ஈரமும் உள்ள ஊர் அது. குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை ஈரநாட்டில் நிறுத்தும்போது அதற்கான காப்பும் கவனிப்பும் கூடவே வர வேண்டும். எனக்குப் பத்மநாபபுரத்தின் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் சாய்சட்டங்களும் நினைவுக்கு வந்தன. அந்த அறிவும் நம்மிடம்தான் இருக்கிறது.

வரப்போரத்து மரம்

இந்தியாவில் வீட்டுக்கும் ஆலைக்கும் போகும் மரத்தில் பெரும்பங்கு இன்று காட்டிலிருந்து வருவதில்லை. விவசாயியின் வரப்பிலும் தோப்பிலும் விளைந்து வருகிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் கோவை வன மரபியல் நிறுவனமும் பல ஆண்டுகளாக இதற்குத்தான் உழைக்கின்றன. மலைவேம்பு ஐந்தாறு ஆண்டில் பிளைவுட்டுக்குத் தயாராகிறது. கடலோரச் சவுக்கு மூன்று நான்கு ஆண்டில் வெட்டுக்கு வரும். தேக்குக்கு இருபது இருபத்தைந்து ஆண்டுப் பொறுமை வேண்டும்.

ஆனால் வளர்த்த மரத்தை வெட்டி ஏற்றுவதற்குள் விவசாயி படும் பாடு சொல்லி மாளாது. யாரிடம் சான்று, எங்கே பாஸ், லாரியை எந்தச் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள் என்ற பயத்தில் பலர் வரும் முதல் வியாபாரியிடமே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாடு முழுக்க ஒரே போக்குவரத்து அனுமதி முறை 2023 கடைசியில் வந்தது. அது ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேர வேண்டும். தன் மரத்துக்கு நல்ல விலை உண்டு என்று தெரிந்த விவசாயி இன்னும் பத்து மரம் வைப்பார். விலை இல்லாத மரம் செங்கல் சூளையில் எரிந்து, பிடித்துவைத்த கரியை ஒரே இரவில் விட்டுவிடும்.

இதை நான் கண்ணாலே பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற தென்னையை விரல்விட்டு எண்ணலாம். டெல்டாவில் லட்சக்கணக்கான மரங்கள் ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்தன. பிள்ளைபோல வளர்த்த மரத்தின் மேல் உட்கார்ந்து அழுத பெரியவர்களை மறக்க முடியாது. அப்புறப்படுத்தினால் போதும் என்று எத்தனையோ பேர் இலவசமாகக் கொடுத்தார்கள். பெரும்பகுதி எரிந்தது, மீதி மக்கியது. முற்றிய தென்னையின் வெளிப்பாகம் இரும்பு போல இருக்கும், நடுப்பாகம்தான் சோறு. பிலிப்பைன்ஸில் அந்த வெளிப்பாகத்தை அறுத்து வீடு கட்டுகிறார்கள். மணிலாவில் தென்னை மாளிகை என்றே ஒன்று நிற்கிறது. நம்மிடம் அன்று அறுக்க ஆலையும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. காட்டில் ஒரு மரத்தையும் தொடாமல் டெல்டாவின் கூரைகளை மூடியிருக்கலாம்.

எங்கள் ஆசாரி மட்டும் அப்போது நாலைந்து முற்றிய தென்னையை எடுத்துக் கைமரமாக அறுத்து, மாட்டுக்கொட்டகைக்குப் போட்டுக் கொடுத்தார். வேப்பெண்ணெய் பூசி, தரையில் படாமல் கல்லில் ஏற்றி வைத்தார். ஏழு மழைக்காலம் தாண்டிவிட்டது, கொட்டகை நிற்கிறது.

மாடி அறைக்கு அவரைத்தான் கூப்பிட்டோம். கைமரங்களுக்குக் காரைக்குடியில் பழைய தேக்கு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். நிலைக்கு, அப்பா வரப்போரம் வைத்த தேக்கைக் காட்டினேன். கயிற்றால் சுற்றளவு எடுத்தார், சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிக் காது கொடுத்தார்.

“வைரம் இன்னும் பத்தல தம்பி. வெளிறுதான் அதிகம். இன்னும் பத்து வருஷம் நிக்கட்டும்.”

“அப்ப நிலைக்கு?” என்று அம்மா கேட்டார்.

ஆசாரி பம்புசெட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சாக்கை விலக்கினார். கஜாவில் கொல்லையில் விழுந்த வேம்பு. அன்றைக்கே அறுத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவில் குச்சி வைத்து அடுக்கியிருந்தார். நாங்கள் அது அங்கே கிடப்பதையே மறந்திருந்தோம். தூசியைத் துண்டால் தட்டி, ஒரு சட்டத்தை வெளியே இழுத்துப் பட்டறையில் வைத்து, இழைப்புளியை ஒருமுறை ஓட்டினார். சுருள் ஒன்று கழன்று விழுந்தது. செம்மண் நிறத்தில் உள்மரம் தெரிந்தது. ஏழு வருஷத்துக்கு முன் சாய்ந்த மரத்தின் மெல்லிய கசப்பு வாசனை கொட்டகைக்குள் எழுந்தது.